எட்டாவது இலை: செட்டிநாட்டு வீட்டில் எடுத்த ஒரு பேய்ப்படத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பூட்டிக் கிடந்த பெரிய வீட்டில் 24 நாள் படப்பிடிப்பு நடந்தது. இயக்குநருக்கு இது முதல் படம். ஒளிப்பதிவாளரும் எடிட்டரும் ஏற்கெனவே சில படங்கள் செய்தவர்கள். பணம் போட்டவர் அதே வட்டாரத்துக்காரர்.

கதை சின்னது. வீட்டை விற்றுப் பங்கு பிரிக்கப் பங்காளிகள் ஏழு பேர் வருகிறார்கள். சமையலுக்கு ஓர் ஆச்சி. அன்று ராத்திரிப் பந்தியில் ஏழு பேருக்கு எட்டு இலை விழுந்திருக்கிறது. எட்டாவது இலை யாருக்கு என்பதுதான் படம். இயக்குநர் இந்த ஒரு கருவை வைத்துத்தான் தயாரிப்பாளரிடம் சம்மதம் வாங்கினார். கேட்டவர்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

வீட்டின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும், பின்னால் நடந்ததெல்லாம் அதோடு சேர்ந்தது. செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி, கட்டு கட்டாக, அதாவது பகுதி பகுதியாக நீண்டு, மறு தெருவில் முடியும். முகப்பு, திண்ணை, அடுத்து வானம் பார்த்த வளவு, வளவைச் சுற்றித் தூண்களும் அறைகளும், பிறகு பந்தி போடும் இரண்டாங்கட்டு, அதற்கும் பின்னால் சமையற்கட்டு. வாசல்கள் எல்லாம் ஒரே கோட்டில் இருக்கும். முகப்பில் நின்றால் பின்வாசல் வெளிச்சம் சின்னச் சதுரமாகத் தெரியும். பயத்துக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. தூரத்தில் ஒரு கதவு சாத்தினால்கூடக் கண்ணுக்குப் படும்.

முதல் எடிட்டில் இந்தக் கோடு ஒரு இடத்தில்கூட வரவில்லை.

முதல் பிரிவியூவில் பார்த்தது

131 நிமிட ரஃப் கட்டை, அதாவது முதல் எடிட்டை, தற்காலிக இசையோடு 42 பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். படக்குழுவின் சொந்தக்காரர், நண்பர் யாரையும் கூப்பிடவில்லை. பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள், மற்றவர்கள் குடும்பத்தோடு வந்தவர்கள். அவர்களுடைய சம்மதத்தோடு, இருட்டிலும் பதிவாகும் கண்காணிப்புக் கேமரா ஒன்றைத் திரைக்குக் கீழே ஆட்களைப் பார்த்த மாதிரி வைத்தார்கள். எடிட்டரின் உதவியாளர் பின்வரிசையில் உட்கார்ந்து, யார் எந்த நிமிடத்தில் போனை எடுக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார்.

எடிட்டர் செய்த இந்த ஏற்பாடு ரொம்பச் சரியானது. படம் முடிந்ததும் "பயமா இருந்துச்சா?" என்று கேட்டால், எதிரே இயக்குநர் நிற்கும்போது யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அதனால் அந்தக் கேள்வியே தாளில் இல்லை. மூன்று கேள்விகள்தான் கேட்டார்கள். அந்த வீட்டின் படத்தைத் தாளில் போட்டுக் காட்டுங்கள். அந்த உருவத்தால் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது? பந்தி காட்சியில் என்ன பார்த்தீர்கள்?

திடுக்கிட வைக்கும் இடங்கள் படத்தில் மொத்தம் 23 இருந்தன, அதில் 15 இன்டர்வலுக்கு முன்னால். முதல் நாலைந்துக்கு ஆட்கள் தூக்கிவாரிப் போட்டதைக் கேமரா காட்டியது. ஒன்பதாவது வந்தபோது ஒருவரும் அசையவில்லை. பதினொன்றாவதில் சிரிப்பு. ஒரே மாதிரி அதிர்ச்சி திரும்பத் திரும்ப வந்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும். அது ரசனையைப் பொறுத்த விஷயம் இல்லை, நரம்பின் இயல்பு. மோசமான பகுதி இன்னொன்று: அந்த 15-ல் பத்து பொய்யானவை. புறா பறப்பது, பின்னாலிருந்து கூட்டாளி தோளைத் தொடுவது, பூனை. ஒவ்வொரு பொய்க்கும் பார்ப்பவர் கொஞ்சம் நம்பிக்கையைச் செலவழிக்கிறார். நிஜமாகவே ஆபத்து வரும்போது கொடுக்க அவரிடம் மிச்சம் இருப்பதில்லை.

வீட்டின் படம் போடச் சொன்னதில் வந்த தாள்கள் அதைவிடக் கவலையாக இருந்தன. வளவையும் இரண்டாங்கட்டையும் வரிசையாகப் போட்டவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் தாளில் அறைகள் சிதறிக் கிடந்தன. குளோசப், புகை, நீல வெளிச்சம், மறுபடி குளோசப் என்று ஓடியதால் நாயகி எந்தக் கட்டில் இருக்கிறாள், உருவம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. எங்கிருந்து வரும் என்று தெரிந்தால்தானே அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருக்க முடியும்? அந்தக் காத்திருப்புதான் பயம்.

உள்ளூர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு குறை. கிணற்றுக் காட்சியை வேறு கிராமத்தில், வேறு வீட்டின் பின்புறத்தில் எடுத்து, வளவு நடுவில் இருப்பது மாதிரி ஒட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் ஒருவர் பக்கத்து இருக்கைக்காரரிடம், "வளவுக்குள்ள ஏதுப்பா கிணறு?" என்று கேட்டது பதிவில் தெளிவாகக் கேட்கிறது. அந்த வரிசையே பிறகு கலைந்துவிட்டது. காரைக்குடிப் பக்கத்து ஆட்களுக்கு சினிமா புதிது இல்லை. ஏவி.எம். ஸ்டுடியோ சென்னைக்குப் போவதற்கு முன்னால் 1940-களில் இங்கேதான் இருந்தது. இங்கத்து வீடுகளில் ஷூட்டிங் நடக்காத மாதம் அரிது. வீட்டைத் தெரிந்தவர்களிடம் வீட்டைப் பற்றிப் பொய் சொன்னால், பேயைப் பற்றிச் சொல்வதையும் நம்ப மாட்டார்கள்.

எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது பார்க்க வந்தவர்களில் வயதான ஓர் ஆச்சி சொன்ன பதில். பந்தி காட்சியில் எட்டு இலை இருந்ததைக் கவனித்தீர்களா என்று இயக்குநர் கேட்டார். "எட்டு எலையா? நான் பாக்கவே இல்லையே தம்பி. டம்முன்னு ஒரு சத்தம் போட்டீகல்ல, அதுல கண்ண மூடிட்டேன்."

எடிட்டர் அன்று இரவே டைம்லைனைத் திறந்து பார்த்தார். எட்டு இலையும் வரிசையாகத் தெரியும் ஷாட் 31 ஃப்ரேம், அதாவது ஒன்றே கால் நொடிக்குச் சற்று மேல். ஷாட்டின் முதல் ஃப்ரேமிலேயே அதிர்ச்சிச் சத்தம். திடீரென்று பலத்த சத்தம் கேட்டால் ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குக்குள் இமை மூடத் தொடங்கிவிடும். அது யார் கட்டுப்பாட்டிலும் இல்லை. பலர் அதோடு முகத்தையும் திருப்பிக்கொள்வார்கள். கண்காணிப்புப் பதிவை அந்த நொடிக்கு ஓட்டினால் பாதிப் பேர் திரையைப் பார்க்கவே இல்லை. படத்தின் உயிரான ஒரே படிமத்தை, பார்ப்பவரின் கண்ணைத் தானே மூடிவிட்டுக் காட்டியிருந்தது குழு.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

எடிட்டரும் சவுண்ட் டிசைனரும் முதலில் எடுத்துக்கொண்டது பந்தி காட்சியைத்தான். விதி எளிது: படிக்க வேண்டிய ஷாட்டில் சத்தம் போடக் கூடாது. அதிர்ச்சிச் சத்தம் போயிற்று, கூடவே இசையும். ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த நீளமான டேக் ஒன்று கிடைத்தது. வரிசையின் கடைசியில் தரையளவு உயரத்தில் கேமரா, இலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தூரத்துக்குப் போகின்றன. ஏழு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், பங்கு பற்றிப் பேச்சு ஓடுகிறது. கேமராவுக்குப் பக்கத்தில், கொஞ்சம் ஃபோகஸ் இல்லாமல், பரிமாறிய ஓர் இலை. அதன் முன்னால் ஆள் இல்லை. இந்த ஷாட்டை 9 நொடி, 216 ஃப்ரேம் ஓட விட்டார்கள். ஒரு கதாபாத்திரமும் அந்த இலையைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவர் திரைக்கு இந்தப் பக்கம் இருக்கிறார்.

நாலு நிமிடம் கழித்து ஆச்சி இலை எடுக்க வருகிறாள். ஏழு இலைகள் சாப்பிட்டவர் பக்கமாக மடித்திருக்கின்றன, எட்டாவது மட்டும் வெளிப்பக்கமாக. பழைய எடிட்டில் ஒரு பாத்திரம், "அய்யோ, சாவு வீட்டுலதான இப்படி மடிப்பாங்க" என்று சொன்னது. அந்த வசனத்தை வெட்டினார்கள். தமிழ்ப் பார்வையாளருக்கு இலை மடிக்கும் வழக்கம் தெரியும். தெரிந்ததை வாயால் சொன்னால், அவர் தானே கண்டுபிடிக்கும் வாய்ப்பைப் பிடுங்கின மாதிரி ஆகிவிடும்.

23 அதிர்ச்சிகள் 5 ஆயின. பொய்யானவற்றில் ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பொய் அதிர்ச்சியே கூடாது என்று வாதிட்டவர்களுக்கு ஒளிப்பதிவாளர் 1942-ல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தை எடுத்துக் காட்டினார். இரவில் ஒரு பெண் நடந்து போகிறாள், பின்னால் காலடிச் சத்தம் வந்து நின்றுவிடுகிறது. திடீரென்று சீறல், வந்து நிற்பது ஒரு பஸ். திடுக்கிடல் பொய்தான், ஆனால் அதற்கு முந்தின நடை முழுக்க உண்மையான பதற்றம். உழைத்துச் சேர்த்த பதற்றத்தை ஒரே ஒரு முறை அப்படி உடைக்கலாம். இவர்கள் வைத்துக்கொண்டதும் அந்த மாதிரி ஒன்று: இரண்டாங்கட்டில் பலகைக் கதவின் இரும்புத் தாழ்ப்பாள் விழும் சத்தம்.

அடுத்தது வீட்டின் கோடு. இதற்கு இரண்டு நாள் பேட்ச் ஒர்க், அதாவது விடுபட்டதை எடுக்கும் கூடுதல் படப்பிடிப்பு தேவைப்பட்டது, தயாரிப்பாளர் ஒத்துக்கொள்ள ஒரு வாரம் ஆயிற்று. பேட்ச் ஒர்க்கில் எடுத்தது முக்கியமாக ஒரே ஷாட். படத்தின் மூன்றாவது நிமிடத்தில், பட்டப்பகலில், ஆச்சி காபி டம்ளர்களைத் தட்டில் வைத்துக்கொண்டு சமையற்கட்டிலிருந்து இரண்டாங்கட்டு, வளவு வழியாக முகப்புவரை நடக்கிறாள். வெட்டில்லாமல் 70 நொடி. வழியில் ஒவ்வொரு வாசலையும், பூட்டின ஒவ்வோர் அறையையும் பார்ப்பவர் கடந்துவிடுகிறார். இன்டர்வலுக்கு முன்னால் அதே நடையை ராத்திரியில் நாயகி எதிர்த்திசையில் நடப்பாள். பகலில் ஒரு தடவை நிதானமாகக் காட்டாத இடத்தில் ராத்திரி பயம் பிறக்காது.

அந்த ஷாட்டை எடுத்த விதம் மற்றவர்களுக்கும் உதவும். வளவில் வெயில் இறங்கிவிட்டால் உள்ளறை இருட்டுக்கும் வளவு வெளிச்சத்துக்கும் இருக்கும் வித்தியாசத்தைக் கேமரா ஒரே எக்ஸ்போஷரில் தாங்குவது கஷ்டம். அதனால் இரண்டு நாளும் காலை ஏழு மணிக்குள் முடித்துக்கொண்டார்கள். செட்டிநாட்டுச் சுவரில் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு கண்ணாடி மாதிரி மின்னும். எல்இடி பேனலை எங்கே வைத்தாலும் சுவரிலோ தரையின் ஆத்தங்குடி கல்லிலோ அது தெரிந்துவிடும். முதல் படப்பிடிப்பில் புகை போட்டதற்குப் பாதிக் காரணமே இந்தப் பிரதிபலிப்பை மறைக்கத்தான். இம்முறை பகல் ஷாட்டுக்கு விளக்கை வீட்டுக்குள் வைக்கவே இல்லை. வளவுக்கு மேலே வெள்ளைத் துணி கட்டி, வானத்து வெளிச்சத்தை மட்டும் இறக்கினார்கள். ராத்திரிக் காட்சிக்கு அதே இடத்தில் கறுப்புத் துணி, தாழ்வாரத்தில் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு. கல்லில் கீறல் விழாமல் இருக்க டிராலி தண்டவாளத்துக்குக் கீழே ரப்பர் பாய், அதன்மேல் பிளைவுட்.

சத்தத்தில் பெரிய வேலை நடந்தது. பழைய மிக்ஸிங்கில் தொடக்கம் முதல் கடைசிவரை ஓர் உறுமல் ஓடிக்கொண்டே இருந்தது. எப்போதும் சத்தம் இருந்தால் அமைதி என்று ஒன்று கிடையாது, அமைதி இல்லாமல் ஒரு சின்ன ஓசைக்கு மதிப்பு வராது. உறுமலை எடுத்துவிட்டு, ஒவ்வொரு கட்டிலும் ஆள் இல்லாமல் இரண்டு நிமிடம் ரூம் டோன், அதாவது அந்த இடத்தின் இயல்பான ஓசையைப் பதிவு செய்தார்கள். டப்பிங் குரல்கள் ஸ்டுடியோவின் வறண்ட குரலாக இருந்தன, அந்த வீட்டில் உட்காரவில்லை. அதற்கு ஒவ்வோர் அறையிலும் பலூன் உடைத்து அதன் எதிரொலியைப் பதிவு செய்து, அதை வைத்தே குரலுக்கு அறையின் முழக்கத்தை ஏற்றினார்கள். வீடு பேசுவது மாதிரி ஆகிவிட்டது. மழைக் காட்சிக்கு ஒலி நூலகத்திலிருந்து எடுத்த மழைச் சத்தத்தையும் தூக்கினார்கள். ஓட்டுக் கூரையிலிருந்து வளவுக் கல்லில் நாலு பக்கமும் தண்ணீர் விழும் ஓசை வேறு. நாலில் ஒரு மூலையில் மட்டும் அந்த ஓசை நின்றுபோனால் என்ன ஆகும் என்று சவுண்ட் டிசைனர் கேட்டார். படத்தின் கடைசி அரை மணியில் உருவத்தைக் காட்டாமலே அது நிற்கும் இடத்தைச் சொல்ல அந்த யோசனைதான் உதவியது.

உருவத்துக்கு விதி இல்லாதது இரண்டாவது கேள்விக்கு வந்த பதில்களிலேயே தெரிந்தது. ஃபேனைச் சுற்றியது, ஆள்மேல் ஏறியது, ரோட்டில் காரை நிறுத்தியது. எல்லாம் முடியும் என்றால் எதற்கும் அர்த்தம் இல்லை. புதிய எடிட்டில் அதற்கு ஒரே எல்லை: பந்தியில் உட்கார்ந்தவரைத்தான் தொடும். இது தெரிந்த பிறகு, பசியோடு ஒருத்தி இலை முன்னால் தயங்கி நிற்பதே பயங்கரமாகிவிட்டது. 11-வது நிமிடத்தில் முழு உருவமும் தெரிந்த ஷாட் போயிற்று. ஏன் இவர்கள் வெளியே ஓடவில்லை என்ற கேள்விக்கு ஒரு வசனம் போதுமாக இருந்தது: காலையில் பதிவாளர் அலுவலகத்தில் ஏழு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் குறைந்தாலும் விற்பனை நின்றுவிடும்.

ஃப்ளாஷ்பேக்கில் குழு தடுமாறியது. பேயாக வரும் பெண்ணின் 19 நிமிடப் பழங்கதை, வட்டி வாங்கிக் கொடுமை செய்யும் வழக்கமான பெரியவரோடு. அந்தப் பாத்திரம் சலித்துப்போனது மட்டுமில்லை, ஓர் ஊரையே அவமதிப்பதும்கூட. அவரை நீக்கி நாலு நிமிடமாகச் சுருக்கினார்கள்.

அதன் பிறகு நடந்தது

108 நிமிடமாகக் குறைந்த படத்தை, முதல் தடவை வராத 38 பேருக்குக் காட்டினார்கள். பார்த்தவர்களையே மறுபடி கூப்பிட்டால் என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரியும், அந்தச் சோதனை பயன்படாது. பந்தி ஷாட்டில் ஆறாவது நொடி வாக்கில் இடது பக்கத்தில் ஒரு பெண் "எட்டு இருக்கு" என்று முணுமுணுத்தார். அது வரிசை வரிசையாகப் பரவியது. யாரும் துள்ளவில்லை, யாரும் சிரிக்கவில்லை. போன்கள் மடியிலேயே இருந்தன. வீட்டின் படத்தைப் பெரும்பாலோர் சரியாகப் போட்டார்கள். இலை எடுக்கும் காட்சியில் வயதானவர்கள்தான் முதலில் உடம்பு சிலிர்த்துப் பின்னால் சாய்ந்தார்கள்.

ஆனால் நாலு நிமிட ஃப்ளாஷ்பேக் ஏமாற்றியது. "அந்தப் பொண்ணுக்கு என்னதான் ஆச்சு?" என்று பலர் எழுதியிருந்தார்கள். நம் ஊர்ப் பேய்க்கதையில் பேய்க்கு ஒரு நியாயம் உண்டு. அநியாயமாகச் செத்தவள் ஏன் வந்தாள் என்று தெரியாமல் வீட்டுக்குப் போக மனசு ஒப்புவதில்லை. மர்மமாக விடுவது நல்லது என்ற எடிட்டரின் கணக்கு இங்கே தப்பு. வெட்டியதில் மூன்று நிமிடத்தைத் திரும்பச் சேர்த்தார்கள், பந்தியில் அவளுக்கு மட்டும் இலை போடாமல் விட்ட அந்த ஒரு நாள். ஏழு நிமிடம் சரியாக உட்கார்ந்தது.

தியேட்டரில் வந்தபோது அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. ட்ரெய்லரை வேறொரு குழு, ரஃப் கட் காலத்திலேயே வெட்டி முடித்திருந்தது. எட்டு இலை ஷாட் அதில் இருந்தது, பழைய அதிர்ச்சிச் சத்தத்தோடு. பின்னால் படத்திலிருந்து எடுத்துவிட்ட காமெடிக் காட்சிகளும் இருந்தன. சிரிக்க வந்தவர்கள் முதல் அரை மணியிலேயே பொறுமை இழந்தார்கள். ட்ரெய்லர் பார்த்திருந்த மற்றவர்களுக்குப் பந்தி காட்சியில் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை, வரும் என்று தெரிந்தது வந்தது. முதல் வாரத்தோடு பல தியேட்டர்களில் படம் இறங்கியது.

ஓடிடியில் வந்த பிறகு ட்ரெய்லர் பார்க்காத ஆட்கள் பார்த்தார்கள், இலைக் காட்சி அங்கேதான் பேச்சானது. அங்கேயும் ஒரு குறை: கடைசி ரீல் இருட்டில் எதுவும் தெரியவில்லை என்ற புகார். டிஐ, அதாவது படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் வேலை, முழுவதும் இருட்டறையில் பெரிய திரையில் பார்த்துச் செய்தது. பகலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து போனில் பார்ப்பவருக்குக் கறுப்புத் தவிர ஒன்றும் இல்லை. மழையோசை நிற்கும் அந்த நுட்பமும் போன் ஸ்பீக்கரில் கேட்கவில்லை.

மாற்ற வேண்டியவை

வீட்டின் கோட்டைப் படப்பிடிப்புக்கு முன்பே தாளில் போட்டு, எந்தக் காட்சி எந்தக் கட்டில், கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்திருந்தால் பேட்ச் ஒர்க் செலவு மிஞ்சியிருக்கும். வேறு வீட்டில் எடுக்க வேண்டி வந்தால், அந்த ஊர்க்காரர் ஒருவரை மானிட்டர் பக்கத்தில் உட்கார வைப்பது மலிவான காப்பீடு.

டிஐ முடிந்ததும் கடைசி ரீலை நடுத்தர விலைப் போனில், பகலில், பாதி வெளிச்சத்தில் ஒரு தடவை பார்க்க வேண்டும். ஓடிடிக்கு நிழல் பகுதியைக் கொஞ்சம் தூக்கித் தனியாக ஒரு கிரேடு, அதாவது நிறத் திருத்தம் தேவை. ஓசையை நம்பி வைத்த எந்தத் தகவலுக்கும் படத்திலும் ஒரு சின்னத் தடயம் வேண்டும். வளவுக் கல்லில் ஒரு மூலை மட்டும் ஈரமில்லாமல் இருப்பதைக் காட்டியிருந்தாலே போதும்.

ட்ரெய்லர் வெட்டும் குழு கடைசி எடிட்டைப் பார்த்த பிறகுதான் வேலை தொடங்க வேண்டும். இந்தப் படத்துக்கு ட்ரெய்லர் எது என்று எடிட்டர் பின்னால் சொன்னார்: ஆச்சியின் கை ஒவ்வோர் இலையாகப் போட்டுத் தண்ணீர் தெளிப்பது, பின்னணியில் பங்காளிகளின் பேச்சு. ஏழாவது இலைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு, ஆச்சி இலைக்கட்டிலிருந்து அடுத்த இலையை உருவும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.